மூன்று சிட்டிங் லேசருக்கு ஒன்றரை லட்சம் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி: வயது 44, இரண்டும் நார்மல் டெலிவரி. சில வருடங்களாகக் கீழே தளர்ந்துபோனது போல ஒரு உணர்வு. இருமினால், தும்மினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறது. ஒரு வருடமாக மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது, உறவின்போது வறட்சியும் எரிச்சலும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கணவர் எதுவும் சொல்லவில்லை, உங்களுக்கே அப்படித் தோன்றுகிறது. ஸ்கின் அண்ட் லேசர் கிளினிக் ஒன்றில் விசாரித்தபோது ‘வெஜைனல் ரெஜுவனேஷன்’ (யோனியை லேசரால் இளமையாக்குவது) செய்துகொள்ளுங்கள், ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, மூன்று சிட்டிங்குக்கு 1,35,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, அப்புறம் வருடத்துக்கு ஒரு சிட்டிங் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வாரமே பதிந்தால் ஒரு ஃபேஷியல் இலவசமாம். இந்தப் பணத்துக்கு இது தகுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எனக்கு உண்மையிலேயே ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா? கெட்டிருந்தால் அந்த மெஷின் அதைச் சரிசெய்யுமா?

நான் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர். சிறுநீர்க் கசிவு, அடி இறக்கம் (கர்ப்பப்பையோ யோனிச் சுவரோ கீழே இறங்குவது) என்று வருபவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். என்னிடம் லேசர் மெஷின் இல்லை. அதனால் உங்களிடம் விற்க எனக்கு எதுவுமில்லை. அதைத் தினமும் கையாள்பவருக்கு இருக்கும் கைப்பழக்கமும் எனக்கில்லை. உங்களைப் பரிசோதிக்காமல்தான் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். தளர்வு, கசிவு, வறட்சி என்று நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு தொந்தரவுகள். காரணம் வேறு, மருந்து வேறு, செலவும் வேறு. மூன்றையும் ஒரே பெயரில் கட்டி ஒரே விலை போட்டிருப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ‘ரெஜுவனேஷன்’ என்று ஒரு நோயும் இல்லை, அப்படி ஒரு மருத்துவச் சிகிச்சையும் பாடத்தில் இல்லை. அது விற்பனைக்காக வைத்த பெயர்.

தளர்விலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகப் பேர் வெட்கப்பட்டுக் கேட்காமலே பணம் கட்டுவது இதற்குத்தான். யோனியின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக, நன்றாக விரிந்து சுருங்கக்கூடியது. அதன் இறுக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சுவர் இல்லை, அதைச் சுற்றி இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் மாதிரி அமைந்திருக்கும் இடுப்புத்தளத் தசைதான். பிரசவத்தில் குழந்தையின் தலை வரும்போது இந்தத் தசை பல மடங்கு நீள்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பெருமளவு மீண்டுவிடும். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் அதிகமாகவும், மற்ற நார்மல் டெலிவரிகளில் ஓரளவும், தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடுவதுண்டு. ஆய்வுகள் பத்துப் பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை என்கின்றன. இன்னும் சிலருக்கு வாசலில் போட்ட தையல் சரியாகக் கூடாமல், அந்த இடம் மட்டும் அகன்றிருக்கும். இவை தவிர, எந்தக் கோளாறும் இல்லாமலே ‘முன்பு மாதிரி இல்லை’ என்ற உணர்வு மட்டும் இருப்பவர்களும் நிறைய. உடம்பு முன்பு மாதிரி இல்லைதான். அதை நோய் என்று சொல்ல முடியாது.

இப்போது மெஷினைப் பார்ப்போம். விரல் பருமனுக்குச் சற்று மேலான ஒரு குழலை உள்ளே வைத்து, சுற்றிச் சுற்றித் திருப்பி, புள்ளி புள்ளியாக லேசர் அடிப்பார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு லேசர் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்னச் சின்னச் சூட்டுக் காயங்கள் ஆறும்போது அங்கே திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உண்டாகும், சுவர் தடிக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு மொத்தமாகப் பொய் என்று சொல்ல மாட்டேன். உட்சுவரில் மாற்றம் தெரிவதாக நுண்ணோக்கி ஆய்வுகள் உண்டு. ஆனால் தசை பிய்ந்திருந்தாலோ பலவீனமாக இருந்தாலோ, லேசர் அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. பந்தல் கால் சாய்ந்திருக்கும்போது துணிக்கு இஸ்திரி போடுவது மாதிரிதான். இன்னொரு வகை மெஷின் தரும் ரேடியோ அலைச் சூடு இன்னும் சற்று ஆழம் போகும். பிரசவத்துக்குப் பின் வரும் தளர்வுக்காகவே விற்கப்பட்ட விவீவ் என்ற ரேடியோ அலை மெஷினை அதன் தயாரிப்பாளரே அமெரிக்காவில் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டுச் சோதித்தார். 2020-இல் முடிவு வந்தபோது, போலியைவிட மேல் என்று காட்ட முடியவில்லை.

போலிச் சிகிச்சை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை, ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு உண்மையான லேசர், மீதிப் பேருக்கு அதே குழல், அதே சத்தம், ஆனால் சக்தி இல்லை அல்லது மிகக் குறைவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. சிட்னியில் மாதவிடாய் நின்று, வறட்சி, எரிச்சல் போன்ற தொந்தரவு இருந்த 85 பெண்களிடம் இப்படிச் செய்தார்கள். மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுப்பு. 2021-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. லேசர் கிடைத்தவர்களின் தொந்தரவு நூறு புள்ளி அளவில் சுமார் 17 குறைந்தது. சக்தியில்லாத குழல் கிடைத்தவர்களுக்குச் சுமார் 27 குறைந்தது! இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் புள்ளியியல் கணக்கில் கொள்ள முடியாது. இரண்டும் ஒன்றே என்றுதான் முடிவு. பெல்ஜியத்தில் 60 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே முடிவு. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சேர்ந்த கிரீம் கொடுக்கத் தயங்குவோம், அவர்களுக்காவது லேசர் உதவுமா என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பார்சிலோனாவில் அப்படிப்பட்ட 84 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் வித்தியாசமில்லை.

இதனால்தான் ‘என் தோழி செய்துகொண்டாள், நல்ல பலன்’ என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. அந்தத் தோழிக்கு உண்மையிலேயே குறைந்திருக்கும். ஒருவர் அக்கறையோடு கேட்டு, பரிசோதித்து, மூன்று மாதம் கவனித்துக்கொண்டதிலேயே குறைந்ததா, லேசரால் குறைந்ததா என்பதை அவரும் சொல்ல முடியாது, லேசர் அடித்தவரும் சொல்ல முடியாது.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதியையும் சொல்லிவிட வேண்டும். எர்பியம் என்ற இன்னொரு வகை லேசரை லேசான சிறுநீர்க் கசிவுக்கு ஸ்லோவேனியாவில் 114 பெண்களிடம் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டார்கள். லேசர் கிடைத்தவர்களுக்கு முன்னேற்றம் அதிகம். ஆனால் பார்த்தது மூன்று மாதம் வரைதான். அதேபோல, உடை கழற்றாமலே உட்காரும் காந்த நாற்காலி. அதன் அலைகள் இடுப்புத்தளத் தசையைத் தானாகச் சுருங்க வைக்கும். மலேசியாவின் பினாங்கில் 120 பெண்களிடம் வாரம் இரண்டு என்று 16 தடவை காந்தத் தூண்டல் கொடுத்ததில், நூற்றுக்கு 75 பேருக்குக் கசிவு குறைந்தது. போலி நாற்காலியில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான். இது மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் இங்கே விற்கும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஆறு தடவை, மெஷினும் வேறு. அந்த 16-இன் பலன் இந்த ஆறில் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது கசிவுக்கான ஆய்வு, தளர்வுக்கானது இல்லை என்பதையும் கவனியுங்கள். சொந்த ரத்தத்திலிருந்து பி.ஆர்.பி. (ரத்தத் தட்டணுக்கள் செறிந்த பகுதி) எடுத்து ஊசி போடுவதற்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை, அதனால் அதை நீட்டி எழுதவில்லை.

பாதுகாப்பையும் பார்த்துவிடலாம். கிளினிக் சுவரில் ‘எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த அங்கீகாரம் எதற்கு என்று கேளுங்கள். இந்த மெஷின்கள் கர்ப்பப்பை வாயிலும் யோனியிலும் வரும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களையும் மருக்களையும் நீக்குவது போன்ற வேலைகளுக்கு அனுமதி பெற்றவை. ரெஜுவனேஷனுக்கு இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வே பகிரங்கமாக எச்சரிக்கை விட்டு, ஏழு தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சூட்டுப் புண், தழும்பு, உறவின்போது வலி, விடாத வலி என்று தங்களுக்கு வந்த புகார்களை அதில் சொன்னது. எந்தச் சிகிச்சையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல், இந்த லேசரை ஆராய்ச்சிக்குள் மட்டும் பயன்படுத்துங்கள் என்றது. இதை வைத்து நான் பயமுறுத்த விரும்பவில்லை. முறையான ஆய்வுகளில் பெரிய ஆபத்துகள் அபூர்வமாகவே வந்தன. ஆனால் அந்த ஆய்வுகளில் மெஷினைப் பிடித்தவர்கள் பயிற்சி பெற்ற மகளிர் நோய் மருத்துவர்கள். உங்கள் விஷயத்தில் பிடிக்கப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். 1,35,000-க்கு 18 சதவீதம் 24,300. ஆக முதல் வருடமே 1,59,300. அடுத்த வருடம் முதல் ஒரு சிட்டிங் 45,000 என்று வைத்தால் வரியோடு 53,100. ஐந்து வருடத்தில் 3,71,700 ரூபாய். வருடா வருடம் திரும்ப வர வேண்டும் என்பது சின்ன எழுத்தில் இருந்தாலும், விலையில் பெரிய பங்கு அங்கேதான். இன்னொரு விஷயம், அந்த ஜி.எஸ்.டி. வரியையே கவனித்துப் பாருங்கள். நோய்க்கு டாக்டர் செய்யும் சிகிச்சைக்கு நம் நாட்டில் ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்காகச் செய்வதற்கு உண்டு. வாயால் ‘இது மெடிக்கல் ட்ரீட்மென்ட்’ என்று சொல்லிவிட்டு பில்லில் 18 சதவீதம் போட்டால், அவர்களே அதை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்சூரன்ஸும் அழகு சிகிச்சையை ஏற்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான், இரண்டாயிரம் மூவாயிரம் டாலரைப் பெண்கள் கையிலிருந்துதான் கட்டுகிறார்கள். மெஷின் விலை அதிகம், வாங்கியவர் கடன் அடைக்க வேண்டும். அதனால் உள்ளே நுழையும் எல்லாத் தொந்தரவுக்கும் அந்த மெஷினே பதிலாகிவிடுகிறது. ஆளைக் குறை சொல்லவில்லை, அந்த வியாபாரத்தின் அமைப்பு அப்படி.

இனி, அதே மூன்று தொந்தரவுக்கு என் ஓ.பி.யில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் கசிவைக் கூட்டும். மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் அப்படியே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை எடுத்து நாளாகிவிட்டது என்றால் அதையும் எடுத்துவிடுவேன். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் அதைப் பார்க்காமல் வேறு எதுவும் கூடாது. அப்புறம் உள்பரிசோதனை. இரண்டு விரலை வைத்து, ‘காற்று வெளியே போகாமல் அடக்குகிற மாதிரி இறுக்குங்கம்மா’ என்பேன். நிறையப் பேர் இறுக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்குவார்கள், பிரசவத்தில் சொல்லிக்கொடுத்தது அப்படியே மனதில் இருக்கும். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் தொடையையும் இறுக்குவார்கள், உள்ளே விரலில் ஒன்றும் தெரியாது. இருமச் சொன்னால் சுவர் எவ்வளவு இறங்குகிறது என்றும் தெரியும். தசை பலவீனமா, பிய்ந்திருக்கிறதா, அடி இறக்கமா, தையல் இடம் அகன்றிருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது அந்த மேஜையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்தப் பேக்கேஜும் இதற்குப் பின்னால் வர வேண்டியது.

கசிவுக்கும் தசைத் தளர்வுக்கும் முதல் சிகிச்சை, இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் கெகல் பயிற்சிதான். ஐயோ இதுவா, யூடியூபில் பார்த்துச் செய்தேன், பலனில்லை என்று பலர் சொல்வார்கள். மேலே சொன்ன மாதிரி தவறாக முக்கிக்கொண்டிருந்தால் பலன் எப்படி வரும்? ஒரு தடவை டாக்டரோ இடுப்புத்தளத் தசையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டால் அப்புறம் வீட்டிலேயே செய்யலாம். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை இறுக்கி விட வேண்டும், நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிறும் தொடையும் புட்டமும் தளர்ந்தே இருக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும். இருமல் வருகிறது என்று தெரிந்த நொடியில் முன்னாலேயே ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்ளப் பழகினால், சில வாரத்திலேயே கசிவில் வித்தியாசம் தெரியும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். இந்தப் பயிற்சிக்கு இருக்கிற ஆதாரம் எந்த மெஷினுக்கும் இல்லை. செலவு பிசியோதெரபிஸ்டின் ஃபீஸ் மட்டும்தான். தசை எலும்பிலிருந்து பிய்ந்தவர்களுக்கு இது முழுசாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வறட்சிக்கு, உங்கள் வயதையும் மாதவிடாய் முன்னே பின்னே வருவதையும் பார்த்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே தடவும் ஈஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கிரீம் ஒரு டியூப் சில நூறு ரூபாய். வழக்கமாக இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு நாள். ஒரு டியூப் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இருந்தாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நீங்களும் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவ வேண்டாம். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கிரீமையும் லேசரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன். லேசரை விற்பவர்கள் இந்த ஆய்வைத்தான் ‘ஹார்மோனுக்குச் சமம்’ என்று காட்டுவார்கள். அதில் போலிச் சிகிச்சைக் குழு இல்லை, ஆய்வும் பாதியில் நின்றுபோனது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு ஈரப்பதம் தரும் ஜெல்லும், உறவின்போது பயன்படுத்தும் லூப்ரிகன்ட்டும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆணுறை பயன்படுத்தினால் மட்டும் வேண்டாம், ரப்பர் கிழியும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், இதே கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்காக. மாசிக்காய்ப் பொடி, படிகாரம், ‘டைட்டனிங் ஜெல்’ இதையெல்லாம் உள்ளே வைக்காதீர்கள். துவர்ப்பு பட்டுச் சுவர் சுருங்கிக் காய்ந்துபோவதைத்தான் இறுக்கம் என்று நினைக்கிறோம். இருக்கிற வறட்சி கூடும், புண்ணாகும், தொற்றுக்கு வழி திறக்கும். மாசிக்காய் குழந்தைக்கு உரை மருந்தில் இழைக்கிற பொருள் என்பதால் எங்கே வைத்தாலும் நல்லது என்று ஆகிவிடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வரும் வறட்சியும் ஈஸ்ட்ரோஜன் குறைவால்தான், பால் குறையும்போது தானாகச் சரியாகும். பிரசவமான ஆறாவது மாதத்தில் லேசருக்கு அட்வான்ஸ் கட்ட எந்த அவசரமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லேசர்தான் வேண்டும் என்றால், அது உங்கள் உடம்பு, உங்கள் பணம். நான் தடுக்க மாட்டேன். மூன்றுக்கும் சேர்த்துக் கட்டாமல் ஒரு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுங்கள். கையில் பிடிப்பவர் மகளிர் நோய் மருத்துவரா, அதற்குமுன் உள்பரிசோதனை செய்தாரா, என்ன தொந்தரவுக்கு என்று சீட்டில் எழுதித் தருவாரா, சூட்டுப் புண் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ‘என்ன தொந்தரவுக்கு’ என்ற இடத்தில் ரெஜுவனேஷன் என்றே எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொற்றோ வெள்ளைப்படுதலோ இருக்கும்போது செய்துகொள்ளவே கூடாது.

என்னைக் கேட்டால், இந்த வாரம் பக்கத்து அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் மகளிர் நோய் ஓ.பி.க்குப் போங்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி, அல்லது திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி. பணம் வாங்க மாட்டார்கள், கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். போவதற்கு முன் மூன்று நாள், எப்போது சிறுநீர் போனீர்கள், எப்போது கசிந்தது, என்ன குடித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு பாதி வேலை குறையும். மூன்று மாதம் பயிற்சியும் கிரீமும் சரியாகச் செய்தும் கசிவு நிற்கவில்லை, அல்லது அடி இறக்கமோ கூடாத தையலோ இருக்கிறது என்று தெரிந்தால், உள்ளே தாங்கி வைக்கும் பெஸரி வளையம் இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது. அந்த ஆபரேஷன்கள் நோய்க்கானவை என்பதால் பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் ஏற்கும். ஆனால் இவற்றுக்குப் பொதுவாக இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள், உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.